பர்ஃபியூஷன் எம்ஆர்ஐயை வைத்து மூளைக் கட்டியின் கிரேடைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நோயாளிக்கு 38 வயது. வலிப்பு வந்ததால் எடுத்த எம்ஆர்ஐயில் இடது முன்மடலில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய பிறகும் கட்டி வெளிச்சமாகவில்லை. உள்ளே கொஞ்சம் சுண்ணாம்புப் படிவு இருக்கிறது. முதல் அறிக்கை 'லோ கிரேடு கிளையோமாவாக இருக்கலாம்' என்றது (கிளையோமா என்பது மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி; கிரேடு என்பது வீரியத்தை 1 முதல் 4 வரை சொல்லும் படிநிலை, 1, 2 என்றால் லோ, 3, 4 என்றால் ஹை). அப்புறம் திசுவின் ரத்த அளவைக் காட்டும் பர்ஃபியூஷன் எம்ஆர்ஐ எடுத்ததில் ஆர்சிபிவி, அதாவது ஒப்பீட்டு ரத்த அளவு, 3.2 என்று வந்தது, 'ஹை கிரேடைக் கருத வேண்டும்' என்றது இரண்டாவது அறிக்கை. இதில் எதை நம்புவது? பர்ஃபியூஷனே கிரேடைச் சொல்லிவிட்டது என்றால் பயாப்ஸி எதற்கு?

பயாப்ஸி கட்டாயம் வேண்டும். இரண்டு அறிக்கைகளில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளந்திருக்கின்றன, கிரேடை நேராக அளந்தது இரண்டில் எதுவும் இல்லை. அந்த 3.2 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் மீதி தானாகப் புரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாதாரண எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் போட்டதும் கட்டி வெளிச்சமாவது எதனால்? மூளையின் ரத்தக்குழாய்களுக்கு இறுக்கமான ஒரு தடுப்பு உண்டு. அது உடைந்த இடத்தில் மருந்து வெளியே கசிகிறது, கசிந்த இடம் டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரிகிறது. அதாவது அங்கே தெரிவது கசிவு. குழாய்கள் எத்தனை இருக்கின்றன என்பது அதில் தெரியாது. வீரியமான கிளையோமா சில நேரம் கசியாமலே இருக்கும். கிளையோமாவிலேயே சாதுவான ஒரு வகையான கிரேடு 1 பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா நன்றாகவே வெளிச்சமாகும். ஆகவே 'வெளிச்சமாகவில்லை, எனவே லோ கிரேடு' என்ற கணக்கு ஓரளவுக்குத்தான் செல்லும்.

பர்ஃபியூஷன் கேட்கும் கேள்வி வேறு: இந்தத் திசுவுக்குள் எவ்வளவு ரத்தம் இருக்கிறது? வேகமாக வளரும் கட்டிக்கு ஆக்சிஜன் போதாது. மூச்சுத்திணறும் செல்கள் விஇஜிஎஃப் போன்ற புரதங்களைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கின்றன. நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர், கிளையோமாக்களில் மிக வீரியமான கிளையோபிளாஸ்டோமாவை அடையாளம் காண்பதிலும் இந்தக் குழாய்ப் பெருக்கம் ஒரு முக்கிய அறிகுறி. நுண்ணோக்கியில் பார்ப்பதையே வெளியிலிருந்து மறைமுகமாக அளந்தால் என்ன என்ற யோசனைதான் பர்ஃபியூஷன் எம்ஆர்ஐக்கு அடிப்படை. நல்ல யோசனைதான். ஆனால் சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணி அந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்று ஊகிப்பதைப் போன்றது அது. பல சமயம் சரியாக வரும், சில ஊர்களில் அடியோடு ஏமாற்றும்.

உங்கள் அறிக்கையில் இருப்பது டிஎஸ்சி என்ற முறையாகத்தான் இருக்கும். மூளைக் கட்டிக்கு அதிகம் பயன்படுவது அதுதான். கையில் ஊசி வைத்து, கடோலினியம் மருந்தை விநாடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் இயந்திரத்தால் ஒரே மூச்சில் தள்ளுவார்கள், பின்னாலேயே சலைன் போகும். அந்த நேரத்தில் ஸ்கேனர் முழு மூளையையும் ஒன்று, ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை படமெடுத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சுமார் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். திரண்ட மருந்து குழாய்களுக்குள் கடந்து போகும்போது சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைப்பதால் சிக்னல் சட்டென்று விழுந்து, சில விநாடிகளில் மீண்டும் எழும். எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நேரம் விழுந்தது என்பதிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பொதுவாக இதில் கிடைப்பது மில்லியில் சொல்லக்கூடிய அளவு இல்லை, ஒப்பீடு மட்டுமே. அதனால் எதிர்ப்பக்க மூளையின் நல்ல வெண்பொருளில் (நரம்பு இழைகள் நிறைந்த உட்பகுதி) கிடைக்கும் மதிப்பால் வகுத்துக்கொள்கிறார்கள். 3.2 என்றால் கட்டியின் அந்தப் புள்ளியில் ரத்தம் எதிர்ப்பக்க வெண்பொருளில் உள்ளதைப் போல 3.2 மடங்கு. அவ்வளவுதான்.

'அந்தப் புள்ளியில்' என்பதைக் கவனியுங்கள். கட்டி முழுவதற்கும் சராசரி எடுப்பதில்லை. கட்டிக்குள் செத்த திசு இருந்தால் சராசரி கீழே இறங்கிவிடும். எனவே வண்ணப்படத்தில் அதிகம் சிவந்த இடங்களில் சில சிறு வட்டங்களைப் போட்டு, அவற்றில் உச்ச மதிப்பை எடுப்பது வழக்கம். வட்டத்தை எங்கே போடுகிறார் என்பதில் ரேடியாலஜிஸ்டின் கை இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிரை ஓடினால் அது எண்ணை ஏற்றிவிடும். மூளையின் புறணி, அதாவது சாம்பல்பொருளால் ஆன மேற்பரப்பு, இன்னும் பெரிய கண்ணி. சாம்பல்பொருளில் இயல்பாகவே வெண்பொருளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ரத்தம் இருக்கும். ஆகவே புறணியை உரசிக்கொண்டு வட்டம் போட்டால், கட்டியே இல்லாத மூளையும் 2 என்று காட்டும். கிளையோமாக்கள் புறணிக்குள் ஊடுருவுவது சாதாரணம் என்பதால் இது நடைமுறையில் அடிக்கடி வரும் சிக்கல்.

சரி, எத்தனைக்கு மேல் போனால் ஹை கிரேடு? பலர் மேற்கோள் காட்டும் எண் 1.75. அது 2003இல் வெளியான, 160 கிளையோமா நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அவர்களில் 120 பேருக்கு ஹை கிரேடு, 40 பேருக்கு லோ கிரேடு. 1.75 என்று கோடு கிழித்தபோது ஹை கிரேடில் 95 சதவீதம் பிடிபட்டது. சாதாரண எம்ஆர்ஐ 72.5 சதவீதத்தைத்தான் பிடித்தது. பர்ஃபியூஷனுக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவு இது. ஆனால் அதே தாளில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை: லோ கிரேடை லோ கிரேடு என்று சரியாக ஒதுக்கியது 57.5 சதவீதம்தான். அதாவது 40 லோ கிரேடு கட்டிகளில் 17 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. இந்த விஷயத்தில் சாதாரண எம்ஆர்ஐயே கொஞ்சம் மேல், 65 சதவீதம். எந்த வீரியக் கட்டியையும் தவறவிடக் கூடாது என்று கோட்டைக் கீழே இறக்கியதற்குக் கொடுத்த விலை அது. ஆக 1.75க்குக் கீழே இருந்தால் ஓரளவு ஆறுதல். மேலே இருந்தால் கிரேடு முடிவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

1.75 எல்லா ஸ்கேனருக்கும் செல்லும் எண்ணும் அல்ல. எந்த மென்பொருள், ஸ்கேனரின் அமைப்புகள் என்ன, முன்கூட்டியே ஒரு டோஸ் மருந்து போட்டார்களா என்பதையெல்லாம் பொறுத்து அதே கட்டிக்கு வேறு வேறு எண் வரும். முன்கூட்டியே போடும் டோஸ் எதற்கு? டிஎஸ்சி கணக்கு முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: மருந்து குழாய்க்குள்ளேயே இருக்கிறது என்ற அனுமானம். கட்டியில் தடுப்பு உடைந்திருந்தால் மருந்து வெளியே வந்து, விழ வேண்டிய சிக்னலைத் தூக்கிப் பிடிக்கும். எண் பொய்யாகக் குறைந்துவிடும். முதலில் கொஞ்சம் மருந்தைப் போட்டுத் திசுவை நிரப்பிவிட்டால் இந்தப் பிழை குறையும், மிச்சத்தைக் கணித முறையில் திருத்துவார்கள். இப்போது ஸ்கேனரில் ஃப்ளிப் கோணம் என்ற அமைப்பை 30 டிகிரிக்குக் குறைத்து, முன் டோஸ் இல்லாமலேயே செய்யும் வழியும் ஏற்கப்பட்டிருக்கிறது. இந்தத் திருத்தம் செய்தார்களா என்று சொல்லாத அறிக்கையில் உள்ள எண்ணுக்கு நான் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன். உங்கள் விஷயத்தில் கட்டி வெளிச்சமாகவே இல்லை, அதாவது கசிவு இல்லை. அதனால் 3.2 கசிவால் கெட்டுப்போன எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்படியென்றால் ஹை கிரேடுதானே? இங்கேதான் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன சுண்ணாம்புப் படிவு முக்கியமாகிறது.

ரத்த அளவு கூடக்கூட கிரேடும் கூடுகிறது என்ற உறவு ஆஸ்ட்ரோசைட்டோமாக் குடும்பத்துக்குள் நன்றாகவே பொருந்துகிறது. கிளையோமாவின் இன்னொரு வகையான ஆலிகோடென்ட்ரோகிளையோமா அந்த விதிக்குக் கட்டுப்படாது. அதன் திசுவில் கம்பிவலை பின்னியதுபோல் மெல்லிய தந்துகிகள் நெருக்கமாக ஓடும். கிரேடு 2 ஆக இருந்தாலும் அப்படித்தான். அதனால் அதன் ஆர்சிபிவி சாதாரணமாகவே உயர்ந்து நிற்கும். முன்மடல், நடுவயது, வலிப்பில் தொடக்கம், சுண்ணாம்பு, வெளிச்சமாகாத ஆனால் ரத்தம் மிகுந்த கட்டி: இவ்வளவும் ஒன்றாக வரும்போது ஆலிகோடென்ட்ரோகிளையோமா மனதில் முன்னால் வந்து நிற்க வேண்டும். படத்தைப் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. ஆனால் 3.2 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து கிளையோபிளாஸ்டோமா என்று குடும்பமே நிலைகுலைய வேண்டியதில்லை. அந்த இரண்டு நோய்களுக்கும் எதிர்கால நிலவரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆலிகோடென்ட்ரோகிளையோமா உள்ளவர்களில் பலர் சிகிச்சையோடு பத்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. உலக சுகாதார நிறுவனம் 2016இலும் 2021இலும் கட்டிகளின் வகைப்பாட்டை மாற்றியது. இப்போது கிரேடு நுண்ணோக்கியை மட்டும் நம்பி இல்லை, மரபணுவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் பரவலான கிளையோமாவில் ஐடிஹெச் மரபணு மாறியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. மாறியிருந்து, 1பி, 19க்யூ என்ற இரண்டு குரோமோசோம் பகுதிகளும் சேர்ந்து தொலைந்திருந்தால் அது ஆலிகோடென்ட்ரோகிளையோமா. தொலையாமல் இருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா. ஐடிஹெச் மாறாமல் இருந்து, டெர்ட் மரபணுவின் முன்பகுதியில் மாற்றமோ, ஈஜிஎஃப்ஆர் மரபணுப் பெருக்கமோ, 7ஆம் குரோமோசோம் கூடி 10ஆம் குரோமோசோம் குறைந்த நிலையோ இருந்தால், நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4. இப்படிப்பட்ட கட்டியில் குழாய்ப் பெருக்கம் இன்னும் தொடங்கியிருக்காது, பர்ஃபியூஷன் எண் சாதாரணமாகவே வரக்கூடும். ரத்த ஓட்டத்தை வைத்து அதை லோ கிரேடு என்று எழுதி 'ஆறு மாதம் பார்க்கலாம்' என்றால் அந்த ஆறு மாதம் வீண். பயாப்ஸி எதற்கு என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

ஐடிஹெச் மாற்றத்துக்கும் ரத்த அளவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றம் இல்லாத கட்டிகளில் புதுக் குழாய் முளைக்கும் போக்கு அதிகம், அதனால் ஆர்சிபிவி பொதுவாக அதிகம். மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமாக்களில் குறைவு. குழுவாகப் பார்த்தால் வித்தியாசம் தெளிவு. ஒரு தனி நோயாளியைப் பற்றி அடித்துச் சொல்ல அது போதாது.

கிளையோமாவை விட்டு வெளியே வந்தால் 'ரத்தம் அதிகம் என்றால் வீரியம் அதிகம்' என்ற சூத்திரம் முற்றிலும் கைவிட்டுவிடும். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா கிரேடு 1, ஆனால் அதில் ஆர்சிபிவி வானளாவ இருக்கும், ஏனென்றால் அந்தக் கட்டியே குழாய்களால் ஆனது. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவும் பெரும்பாலும் கிரேடு 1, அதிலும் ரத்தம் ஏராளம். மூளையின் லிம்ஃபோமாவோ (வெள்ளணுப் புற்று) மிக வீரியமானது, ஆனால் புதுக் குழாய்கள் அதிகம் முளைப்பதில்லை, எண் அடக்கமாகவே வரும். அதில் விழுந்த சிக்னல் பழைய மட்டத்தைத் தாண்டி மேலே ஏறுவது ஒரு துப்பு. நன்றாக வெளிச்சமாகும் கட்டியில் ரத்தம் குறைவு என்று பர்ஃபியூஷன் காட்டினால் லிம்ஃபோமாவைச் சந்தேகித்து, அவசர நிலை இல்லாத பட்சத்தில் பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்ஃபோமா சுருங்கிவிடும், பயாப்ஸியில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிரேடு எண்ணைவிட இப்படி அடுத்த வேலையை மாற்றும் தகவல்தான் பர்ஃபியூஷனின் உண்மையான பயன் என்பது என் கருத்து.

வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியா, மூளையிலேயே தோன்றிய கிளையோபிளாஸ்டோமாவா என்ற குழப்பத்தில் கட்டியைவிடச் சுற்றியுள்ள வீக்கப் பகுதியைப் பார்ப்பார்கள். கிளையோபிளாஸ்டோமாவின் செல்கள் அந்த வீக்கத்துக்குள்ளும் ஊடுருவியிருப்பதால் அங்கே ரத்தம் கூடியிருக்கும். பரவிய கட்டியைச் சுற்றி வெறும் நீர்தான், எண் தாழ்வாக இருக்கும்.

டிஎஸ்சி தவிர வேறு இரண்டு முறைகள் உண்டு. டிசிஇ என்பது டி1 படங்களில் சில நிமிடங்கள் மருந்தைப் பின்தொடர்ந்து, குழாய்ச் சுவர் எவ்வளவு கசிகிறது என்று அளப்பது. அதில் கிடைக்கும் கேட்ரான்ஸ் என்ற எண்ணும் கிரேடோடு ஏறும், ஆனால் கணக்கு மாதிரியைப் பொறுத்து நிறைய ஆடும். ஏஎஸ்எல் முறையில் மருந்தே கிடையாது. கழுத்து வழியாக ஏறும் ரத்தத்தின் நீரையே ரேடியோ அலையால் அடையாளமிட்டு, 1.8 விநாடி போலக் காத்திருந்து, மூளைக்குள் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்பார்கள். குழந்தைகளுக்கும், சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்கும் வசதி. மண்டையோட்டின் அடிப்பகுதிக்குப் பக்கத்திலும், பழைய ரத்தக்கசிவு உள்ள இடத்திலும் டிஎஸ்சி படம் நெளிந்து பயனில்லாமல் போகும்போது ஏஎஸ்எல் கைகொடுக்கும். சிக்னல் பலவீனம் என்பதுதான் குறை. உங்கள் கட்டியில் உள்ள சுண்ணாம்பும் டிஎஸ்சி படத்தில் அந்தச் சிறு இடத்தை மட்டும் மறைத்திருக்கலாம், வட்டம் அதைத் தவிர்த்துப் போடப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னதால் அந்த ஸ்கேன் வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் பயன், ஊசியை எங்கே குத்துவது என்பது. கிளையோமா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு மூலை கிரேடு 2, இன்னொரு மூலை கிரேடு 3 என்று கலந்திருக்கும். வெளிச்சமாகாத கட்டியில் கண்மூடித்தனமாக எடுத்த துண்டு சாதுவான மூலையிலிருந்து வந்தால் நோயே குறைத்து மதிப்பிடப்படும். ஆர்சிபிவி உச்சமாக இருக்கும் இடத்தை அறுவைச் சிகிச்சையின்போது இடம் காட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்றி, அங்கிருந்து திசு எடுத்தால் அந்தத் தவறு குறையும். உங்களுக்கு வந்த 3.2இன் மிகப் பெரிய உபயோகம் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, காலப்போக்கில் வரும் மாற்றம். 2008இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பிற்பாடு வீரியமாக மாறிய லோ கிரேடு கிளையோமாக்களில், கான்ட்ராஸ்டில் வெளிச்சம் தெரிவதற்கு 12 மாதம் முன்பிருந்தே ஆர்சிபிவி ஏறத் தொடங்கியிருந்தது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில் 189 கிளையோமா நோயாளிகளைப் பார்த்தார்கள். 1.75க்குக் கீழே தொடங்கியவர்களுக்கு நோய் முற்ற இடைநிலைக் கணக்கில் (மீடியன்) 3585 நாள் ஆனது, மேலே தொடங்கியவர்களுக்கு 265 நாள். நுண்ணோக்கி சொன்ன கிரேடு எதுவாக இருந்தாலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆகவே எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது, அதைக் கிரேடு என்ற ஒரே பெட்டிக்குள் திணிப்பதுதான் பிரச்சினை.

மூன்றாவது, சிகிச்சைக்குப் பிறகு. கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்தும் முடிந்த முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேனில் கட்டி பெரிதானது போலத் தெரிவதுண்டு. அதில் ஒரு பகுதி சிகிச்சையின் எதிர்வினை மட்டுமே, தானாக அடங்கிவிடும். இதைப் பொய் வளர்ச்சி என்பார்கள். செத்த திசுவில் ரத்தம் குறைவு, உயிருள்ள கட்டியில் அதிகம் என்பதால் பர்ஃபியூஷன் இங்கே மிகவும் உதவும். இரண்டும் கலந்திருப்பதே அதிகம் என்பதால் இங்கேயும் ஒரே ஸ்கேனில் தீர்ப்பு வராது. பெவாசிசுமாப் என்ற மருந்து போட்டவர்களில் இன்னொரு சிக்கல்: மருந்து குழாய்க் கசிவை அடைத்துவிடுவதால் வெளிச்சம் மறையும், கட்டி மறைந்திருக்காது.

உங்கள் நிலையில் செய்ய வேண்டியது தெளிவு. மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் பாதுகாப்பாக எவ்வளவு அகற்ற முடியும், பர்ஃபியூஷன் வரைபடத்தை நேவிகேஷனில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். எடுக்கும் திசுவில் ஐடிஹெச், 1பி/19க்யூ இரண்டையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்ட்ரோசைட்டோமா என்று வந்தால் சிடிகேஎன்2ஏ/பி மரபணுவையும் பார்க்க வேண்டும், அது முழுதாகத் தொலைந்திருந்தால் கிரேடு நேரே 4. ஐடிஹெச் மாறிய கிரேடு 2 என்று வந்தால், 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப் போன்ற மாத்திரையும் பேச்சுக்கு வரும். இந்த வழிகளில் எது உங்களுக்கு என்பதைப் பர்ஃபியூஷன் எண் சொல்லாது, திசுதான் சொல்லும்.

இன்னொன்று. இந்த ஸ்கேனின் அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பர்ஃபியூஷனின் மூலப் படத்தொடர் முழுவதும் அவர்கள் தரும் சிடி வட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல இடங்களில் கடைசி வண்ணப்படத்தை மட்டும் பதிந்து கொடுப்பார்கள், அதை வைத்து யாராலும் மறுபடி கணக்கிட முடியாது. அடுத்தடுத்த ஸ்கேன்களை முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுங்கள். வேறிடத்தில் எடுக்க நேர்ந்தால் பழைய மூலப்படங்களையும் புதியவற்றையும் ஒரே மென்பொருளில் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 3.2 அடுத்த முறை 4 ஆகிவிட்டது என்று வரும்போது கட்டி மாறியதா, மென்பொருள் மாறியதா என்று தெரியாமல் எல்லோரும் விழிக்க வேண்டியிருக்கும்.